இந்திய செல்போன் தொழில்: கட்டணம், அலைக்கற்றை, டவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்போன் என்றதும் கேமராவையும் 5ஜி வேகத்தையும்தான் பெரும்பாலும் பேசுகிறோம். அதன் பின்னால் இருக்கும் தொழிலைப் பற்றிப் பேசுவது குறைவு. இந்தியாவில் இந்தத் தொழில் வளர்ந்ததற்கும், பத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த சந்தை இன்று மூன்று தனியாரும் ஒரு அரசு நிறுவனமுமாகச் சுருங்கியதற்கும் கருவிகளைவிட விதிகளே பெரிய காரணம் என்பது என் கருத்து. யார் யாருக்குக் காசு கொடுக்க வேண்டும், எதை வைத்து பில் போட வேண்டும், அலைக்கற்றையை, அதாவது சிக்னல் போகும் ரேடியோ அலைகளை, யாருக்கு என்ன விலைக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதிகள். கீழே உள்ள பதில்கள் அந்தக் கோணத்தில் எழுதப்பட்டவை.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு எப்போது நடந்தது?

1995 ஜூலை 31. அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். சேவை கொடுத்தது மோடி டெல்ஸ்ட்ரா. நம் ஊர் மோடி குழுமமும் ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ராவும் சேர்ந்து நடத்திய நிறுவனம் அது.

நான்கு பெருநகரங்களுக்கும் தலா இரண்டு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்திருந்தார்கள். சென்னையில் ஆர்பிஜி செல்லுலார், ஸ்கைசெல். பிற்பாடு ஸ்கைசெல்லை பார்தி (ஏர்டெல்) வாங்கியது, ஆர்பிஜியை ஏர்செல் வாங்கியது.

அப்போது ஒரு நிமிடம் பேச எவ்வளவு?

உச்ச நேரத்தில் 16 ரூபாய்க்கு மேல். வரும் அழைப்பை எடுத்தாலும் காசு. அந்த விலைக்கு டாக்டர்களும் வியாபாரிகளும் கட்டடக் காண்ட்ராக்டர்களும்தான் போன் வைத்திருக்க முடிந்தது.

விலை இவ்வளவு இருந்ததற்குக் கருவிகளின் விலை மட்டும் காரணமில்லை. உரிமம் எடுக்கும்போது நிறுவனங்கள் ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும். பல வட்டங்களில் (சேவைக்காக நாட்டைப் பிரித்த பகுதிகள்) ஏலத்தில் போட்டி போட்டுக்கொண்டு சொன்ன தொகைகள் வருமானத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு இருந்தன. 1999 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 12 லட்சம் பேர்தான் செல்போன் வைத்திருந்தார்கள். நிறுவனங்களோ பாக்கியில் மூழ்கிக்கொண்டிருந்தன.

1999-ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை அந்த நிலையான கட்டணத்தை எடுத்துவிட்டு, வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும் என்று மாற்றியது. தொழில் அன்றைக்குப் பிழைத்தது இதனால்தான். அப்புறம், இருபது ஆண்டு கழித்து வோடபோன் ஐடியாவின் கழுத்தைப் பிடித்ததும் இதே 'வருமானத்தில் பங்கு' என்ற சொற்றொடர்தான். அதைக் கீழே ஏஜிஆர் கேள்வியில் பார்க்கலாம்.

இன்கமிங் எப்போது இலவசமானது?

2003 மே 1 முதல். அழைப்பவர் மட்டுமே கட்டணம் கொடுக்க வேண்டும் என்ற முறையை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. யாருடைய நெட்வொர்க்கில் அழைப்பு போய்ச் சேருகிறதோ அவருக்கு, அழைப்பவரின் நிறுவனம் ஒரு சிறு தொகை கொடுக்கும். இதற்கு இணைப்புக் கட்டணம் என்று பெயர். ஐயுசி என்று பிற்பாடு செய்திகளில் அடிபட்டது இதுதான்.

இந்திய செல்போன் வரலாற்றில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 1995 ஜூலை 31-ஐச் சொல்ல மாட்டேன், இந்த மே 1-ஐத்தான் சொல்வேன். அதுவரை போன் வாங்குவது என்றால், யார் யாரோ நம்மை அழைப்பதற்கும் நாமே காசு கட்டத் தயாராக இருப்பது. மே 1-க்குப் பிறகு பேலன்ஸ் இல்லாமலே ஒருவர் போன் வைத்திருக்கலாம், அழைப்புகளை எடுக்கலாம். பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆட்டோ ஓட்டுநர், மீன் வியாபாரி எல்லோருக்கும் போன் என்பது செலவாக இருந்த நிலை மாறி வருமானத்துக்கு வழியானது. மிஸ்டு கால் பழக்கம் ஊரெங்கும் பரவியதும் இதே கணக்கில்தான். எடுக்காத அழைப்புக்கு இரு பக்கமும் காசு இல்லை, ஆனால் சேதி போய்விடும்.

2003 மார்ச்சில் சுமார் 1.3 கோடியாக இருந்த இணைப்புகள் அடுத்த மார்ச்சில் 3.3 கோடியைத் தொட்டன. ஒரே ஆண்டில் இரண்டரை மடங்கு.

அந்த வளர்ச்சியில் ரிலையன்ஸின் 501 ரூபாய் போனுக்குப் பங்கில்லையா?

நிச்சயம் உண்டு. ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 2002 டிசம்பர் 28 அன்று அறிமுகமானது. மறு ஆண்டு, முதலில் 501 ரூபாய் கட்டினால் போன் கையில், மீதி தவணையில் என்ற திட்டத்தை விட்டது. தொழில்நுட்பம் சிடிஎம்ஏ, மற்றவர்கள் பயன்படுத்திய ஜிஎஸ்எம்முக்கு மாற்றானது. சிம் கார்டு கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே இருக்கும். அதனால் அந்தப் போனை வேறு நிறுவனத்துக்கு எடுத்துப் போக முடியாது.

அவர்களிடம் இருந்தது வீட்டு போனை வயர் இல்லாமல் தருவதற்கான உரிமம். அதை வைத்துக்கொண்டு செல்போன் மாதிரியே சேவை கொடுக்கிறார்கள், நாங்கள் பெருந்தொகை கட்டி வாங்கிய உரிமத்துக்கு என்ன மரியாதை என்று பழைய ஜிஎஸ்எம் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2003 நவம்பரில் அரசு எல்லாவற்றையும் ஒரே வகை உரிமத்தின் கீழ் கொண்டுவந்து சண்டையை முடித்தது. ஜிஎஸ்எம் நிறுவனங்களின் புகாரில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அதே சமயம், அந்தப் போட்டி இல்லாமல் விலை அவ்வளவு வேகமாக இறங்கியிருக்காது.

அரசின் பிஎஸ்என்எல் 2002 அக்டோபரில் செல்போன் சேவையைத் தொடங்கியதும் தனியார் விலையைக் கீழே இழுத்தது. இதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள்.

ஏர்டெல் தன் நெட்வொர்க்கையே வெளியாருக்குக் கொடுத்துவிட்டது என்கிறார்களே?

உண்மை. 2004-ல் செய்தார்கள். நெட்வொர்க்கை அமைத்து நடத்தும் வேலையை எரிக்சன், நோக்கியா, சீமென்ஸ் போன்ற கருவி நிறுவனங்களிடமும், பில் போடுவது உட்பட கணினி வேலைகளை ஐபிஎம்மிடமும் ஒப்படைத்தது சுனில் மிட்டலின் பார்தி நிறுவனம். நெட்வொர்க்தானே செல்போன் நிறுவனத்தின் உயிர், அதையே வெளியே கொடுப்பதா என்று அப்போது உலக அளவில் ஆச்சரியப்பட்டார்கள்.

ஒப்பந்தத்தில் காசு கொடுத்த முறைதான் இதில் முக்கியம். வழக்கமாக ஒரு செல்போன் நிறுவனம் அடுத்த ஆண்டு இவ்வளவு கூட்டம் வரும் என்று ஊகித்துக் கருவிகளை மொத்தமாக வாங்கும். ஊகம் தப்பினால் கருவி சும்மா கிடக்கும், கடனுக்கு வட்டி ஏறும். விற்பவருக்கோ பெட்டிகளை அதிகம் தள்ளிவிட்டால்தான் லாபம். பார்தி இதை மாற்றியது. பெட்டிக்குக் காசு கிடையாது, பயன்பட்ட கொள்ளளவுக்குத்தான் காசு. அதை எர்லாங் என்ற அலகில் அளந்தார்கள். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் ஒரு எர்லாங். இப்படி வைத்ததும், தேவைக்கு மேல் கருவி மாட்டுவதில் விற்பவருக்கே லாபமில்லாமல் போனது.

ஐபிஎம் ஒப்பந்தமும் இதே பாணிதான், வருமானத்தில் ஒரு பங்கு. கையில் பெரிய முதல் இல்லாத ஒரு நிறுவனம், வாடிக்கையாளர் ஒருவரிடம் மாதம் சில நூறு ரூபாய் மட்டுமே கிடைக்கும் நாட்டில் லாபமாக ஓட முடிந்தது இதனால்தான். நம் நாட்டிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட தொழில் உத்திகளில் இது ஒன்று. இதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் இங்கே கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எங்கள் தெருவில் இருக்கும் டவர் எந்த நிறுவனத்துடையது?

பெரும்பாலும் நீங்கள் சிம் வாங்கிய நிறுவனத்துடையது அல்ல. தனியாக டவர் நிறுவனங்கள் இருக்கின்றன. கம்பமும் கரண்டும் பேட்டரியும் ஜெனரேட்டரும் அவர்கள் பொறுப்பு. செல்போன் நிறுவனங்கள் தங்கள் ஆன்டெனாவை மாட்டி மாத வாடகை கொடுக்கும். இதில் பெரியது இண்டஸ் டவர்ஸ். சந்தையில் அடித்துக்கொண்டிருந்த பார்தி, வோடபோன், ஐடியா மூவரும் சேர்ந்து 2007-ல் தொடங்கியது. ஆளுக்கொரு கம்பம் நடுவது வீண் என்று மூவருக்கும் புரிந்திருந்தது.

ஒரு விநாடிக்கு ஒரு பைசா யார் கொண்டுவந்தது?

டாடா டோகோமோ, 2009-ல். அதுவரை ஒரு நிமிடமும் ஒரு விநாடியும் பேசினால் இரண்டு நிமிடக் காசு. இவர்கள் பேசிய விநாடிக்கு மட்டும் பில் போட்டதும் மற்ற எல்லோரும் சில மாதங்களில் பின்தொடர வேண்டியதாயிற்று.

2ஜி விவகாரம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

2008 ஜனவரியில் 122 உரிமங்கள் ஏலம் இல்லாமல், முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் கொடுக்கப்பட்டன. நாடு முழுவதற்குமான நுழைவுக் கட்டணம் சுமார் 1,658 கோடி ரூபாய். இது 2001-ல் கண்டறியப்பட்ட விலை. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் சந்தை பல மடங்கு பெருத்துவிட்டது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2010 அறிக்கையில் இழப்பைப் பல விதமாகக் கணக்கிட்டார். அவற்றில் மிக உயர்ந்ததுதான் செய்திகளில் ஒலித்த 1.76 லட்சம் கோடி.

2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. குற்ற வழக்கு தனி. அதில் முன்னாள் அமைச்சர் ஆ. ராசா உட்பட அனைவரையும் சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பரில் விடுவித்தது. அதை எதிர்த்த சிபிஐயின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024-ல் விசாரணைக்கு ஏற்றது. உரிமங்கள் ரத்தானதையும் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இரண்டும் வேறு வேறு வழக்குகள்.

தொழிலுக்கு நேர்ந்த விளைவு என்ன என்றால், அதன்பின் செல்போன் சேவைக்கான அலைக்கற்றை ஏலத்தில் மட்டுமே கிடைக்கும் என்றானது. ஏலம் வெளிப்படையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏலத்தில் கொடுத்த காசு கடனாகத்தான் வந்தது. 2010-ல் 3ஜி ஏலத்திலேயே அரசுக்கு 67,000 கோடி ரூபாய்க்கு மேல் கிடைத்திருந்தது. அந்தக் கடனைச் சுமக்க முடியாதவர்கள் ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள்.

ஏர்செல் அப்படி விழுந்ததுதானா?

ஆம். 1999-ல் தமிழ்நாட்டில் சி. சிவசங்கரன் தொடங்கியது, 2006-ல் மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போனது. தமிழ்நாட்டில் அதற்கு இருந்த செல்வாக்கு வேறு எங்கும் இல்லை. 3ஜி அலைக்கற்றைக்குப் பெருந்தொகை கொடுத்து, கடன் ஏறி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் முயற்சி 2017-ல் முறிந்து, 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க சிக்னல் போனது. வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் இணைத்த நம்பர் செத்துப்போய், வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான எஸ்எம்எஸ்கூட வராமல் லட்சக்கணக்கானோர் கடை வாசலில் நின்றார்கள். ஒரு நிறுவனம் மூடப்படும்போது வாடிக்கையாளரை எப்படிக் கைமாற்றுவது என்று யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

ஜியோ எப்படி இலவசமாகக் கொடுக்க முடிந்தது?

இதற்கு விடை 2016-ல் இல்லை, 2010-ல் இருக்கிறது. அந்த ஆண்டு பிராட்பேண்ட் அலைக்கற்றை ஏலத்தில் 22 வட்டங்களையும் வென்ற ஒரே நிறுவனம் இன்ஃபோடெல் என்ற சிறிய நிறுவனம், தொகை சுமார் 12,850 கோடி ரூபாய். முடிவு வந்த அன்றே ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் அதன் 95 விழுக்காடு பங்கை வாங்கியது. அதுதான் பிற்பாடு ஜியோ ஆனது. அடுத்த ஆறு ஆண்டுகள் ஃபைபர் புதைப்பதிலும் டவர் அமைப்பதிலும் போயின.

2016 செப்டம்பர் 5 அன்று சேவை தொடங்கியபோது அந்த நெட்வொர்க்கில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. முழுக்க 4ஜி. பேச்சுகூட டேட்டாவாகத்தான் போகும், வோல்ட்இ என்பது அதுதான். மற்றவர்கள் பேச்சுக்குத் தனி நெட்வொர்க், டேட்டாவுக்குத் தனி நெட்வொர்க் என்று இரட்டைச் செலவு செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வருமானத்தில் பெரும்பகுதி பேச்சிலிருந்து வந்தது. ஜியோவுக்கோ ஒரு மணி நேரப் பேச்சு என்பது கொஞ்சம் டேட்டா, அவ்வளவுதான். அதனால் எதிராளியின் முக்கிய வருமானம் எதுவோ அதையே இலவசமாக்க முடிந்தது.

அடுத்து, தாய் நிறுவனத்தின் பெட்ரோலியப் பணம். முதலில் டிசம்பர் வரை, பிறகு 2017 மார்ச் வரை எல்லாம் இலவசம். அரை ஆண்டுக்குள் 10 கோடி வாடிக்கையாளர்கள். ஒரு ஜிபி 250 ரூபாய் என்றிருந்த சந்தை, நாளுக்கு ஒரு ஜிபி என்று மாறியது. 2020-ல் ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்டோர் பங்கு வாங்க வரிசையில் நின்றார்கள். ஃபேஸ்புக் மட்டும் 43,574 கோடி ரூபாய் போட்டது.

ஆக, அது இலவசம் அல்ல, முதலீடு. நமக்கு அதனால் கிடைத்தது ஏராளம். ஆனால் அதே அலையில் டெலினார், டாடா டெலிசர்வீசஸ், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் எல்லாம் சந்தையை விட்டுப் போனதையும் 2018 ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றானதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஐயுசி சண்டை எதைப் பற்றியது?

ஜியோ வாடிக்கையாளர்கள் பேச்சு இலவசம் என்பதால் வெளியே நிறைய அழைத்தார்கள். அப்படி ஏர்டெல்லுக்கோ வோடபோனுக்கோ போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஜியோ 14 பைசா கொடுக்க வேண்டியிருந்தது. டிராய் அதை 2017 அக்டோபரில் 6 பைசாவாகவும், 2021 ஜனவரி 1 முதல் பூஜ்ஜியமாகவும் ஆக்கியது. 2003-ல் சிறிய நிறுவனத்தையும் காப்பாற்றிய விதி, தொழில்நுட்பம் மாறியதும் பழைய நெட்வொர்க்குகளுக்கான மானியம்போல ஆகிவிட்டது என்பது ஒரு தரப்பு. கிராமத்தில் 2ஜி டவரை ஓட்டுவதற்கு அந்தக் காசு தேவை என்பது மறுதரப்பு. நீக்கியது சரி, நீக்கிய வேகம் சரியில்லை என்பது என் எண்ணம்.

ஏஜிஆர் என்றால் என்ன? வோடபோன் ஐடியா ஏன் தள்ளாடுகிறது?

ஏஜிஆர் என்றால் சரிசெய்யப்பட்ட மொத்த வருமானம். 1999-ல் வருமானத்தில் பங்கு என்று ஒப்புக்கொண்டார்கள் அல்லவா, எது வருமானம் என்பதில்தான் வழக்கு. போன் சேவையில் வருவது மட்டும் என்றன நிறுவனங்கள். வங்கி வட்டி, வாடகை, ஈவுத்தொகை, பழைய பொருள் விற்ற காசு எல்லாமே சேரும் என்றது அரசு. ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பளித்தது.

அப்போது சொல்லப்பட்ட உரிமக் கட்டண பாக்கி சுமார் 92,600 கோடி ரூபாய். இதில் அசல் கால்பங்குதான். மீதி வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி. அந்தக் காலாண்டில் வோடபோன் ஐடியா காட்டிய நஷ்டம் 50,921 கோடி. அதுவரை எந்த இந்திய நிறுவனமும் ஒரு காலாண்டில் அவ்வளவு நஷ்டம் காட்டியதில்லை.

பிறகு தவணை, நான்காண்டு அவகாசம் எல்லாம் வந்தன. நிறுவனத்தால் கட்ட முடியாத பாக்கியில் ஒரு பகுதியை அரசு பங்காக மாற்றிக்கொண்டது. 2023-ல் 33 விழுக்காடு, 2025-ல் கிட்டத்தட்ட 49 விழுக்காடு. அதாவது இன்று அந்த நிறுவனத்தில் மிகப்பெரிய பங்குதாரர் இந்திய அரசு.

மாத ரீசார்ஜ் ஏன் 28 நாள்?

28 நாள் வீதம் ஓராண்டில் 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும், அதனால்தான். புகார்கள் குவிந்த பிறகு, 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது வைக்க வேண்டும் என்று டிராய் 2022-ல் உத்தரவிட்டது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி வந்தது. சாதா பட்டன் போன் வைத்திருக்கும் பெற்றோருக்கு ரீசார்ஜ் செய்கிறீர்கள் என்றால் இதைக் கடையில் கேட்டு வாங்குங்கள். ஆப்பைத் திறந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் இது இருக்காது.

வாசலில் 5ஜி வருகிறது, வீட்டுக்குள் போனால் போய்விடுகிறது. ஏன்?

5ஜியின் வேகம் பெரும்பாலும் 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலிருந்து வருகிறது. அலைவரிசை உயர உயர நிறைய டேட்டா தாங்கும், ஆனால் தூரம் குறையும், சுவரைத் துளைக்காது. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலைவரிசை சுவருக்குள்ளும் வரும், ஆனால் அதில் அவ்வளவு வேகம் கிடையாது. 2022 ஏலத்தில் 700-ஐ வாங்கியது ஜியோ மட்டும்தான். அந்த ஏலத்தின் மொத்தத் தொகை 1,50,173 கோடி ரூபாய், அதில் ஜியோவின் பங்கு 88,078 கோடி.

ஜியோ 5ஜிக்குத் தனி மைய நெட்வொர்க் (டவர்களுக்குப் பின்னால் இருந்து அழைப்பையும் டேட்டாவையும் வழிநடத்தும் பகுதி) அமைத்தது. ஏர்டெல் இருக்கும் 4ஜி மையத்தின் மேலேயே 5ஜியை ஏற்றித் தொடங்கியது, செலவு குறைவு. அழைப்பு, வீடியோ, யூபிஐ என்று பயன்படுத்துபவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பிஎஸ்என்எல் ஏன் 4ஜிக்கு இவ்வளவு தாமதம்?

உள்நாட்டுக் கருவிகள்தான் வேண்டும் என்ற அரசின் முடிவு பெரிய காரணம். டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் ஆகியவை சேர்ந்து ஒரு முழு 4ஜி நெட்வொர்க்கை உருவாக்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் அதை முறைப்படி தொடங்கி வைத்தார்கள். தொழில்நுட்பச் சாதனை என்ற அளவில் இது சின்ன விஷயம் இல்லை. மிகச் சில நாடுகளின் நிறுவனங்களே இதைச் செய்யும். ஆனால் அதற்குள் போட்டியாளர்கள் 5ஜியில் மூன்று ஆண்டு ஓடிவிட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஏன் மூடியது? இப்போது என்ன நிலை?

2006-ல் தொடங்கிய ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் இந்த ஆலையைக் கைமாற்ற முடியவில்லை. ஆர்டர் நின்றது, ஆயிரக்கணக்கானோர் வேலை போனது. அதில் பலர் வேலைக்கென்றே அங்கு குடியேறிய இளம் பெண்கள்.

பிற்பாடு அந்த இடத்தை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் வாங்கியது. அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் பாகங்களைப் பொருத்தி ஐபோன் செய்கிறது. செங்கல்பட்டு அருகே பெகாட்ரான் நடத்திய ஆலை இப்போது பெரும்பங்கு டாடாவிடம். 2020-ல் வந்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் இதற்கு உதவியது. சாம்சங்குக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை உண்டு என்பதால் அங்கும் போன் செய்கிறார்கள் என்று நினைப்பார்கள். இல்லை, அங்கே ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி. அவர்களின் போன் ஆலை நொய்டாவில்.

மூன்று தனியார்தான் மிச்சம் என்றால், நமக்கு என்ன வழி இருக்கிறது?

2024 ஜூலையில் மூவரும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தியதைப் பார்த்தோம். எதிர்ப்பைக் காட்ட நம் கையில் இருப்பது நம்பர் மாறாமல் நிறுவனம் மாறும் உரிமை. 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. போர்ட் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் குறியீடு வரும். அதோடு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போகலாம். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. சிம்மை மாற்றி ஏழு நாள் ஆகவில்லை என்றால் குறியீடு தர மாட்டார்கள், மோசடியைத் தடுக்க 2024 ஜூலையில் வந்த விதி அது. மாறுவதற்கு முன் உங்கள் வீட்டுக்குள் அந்த நிறுவனத்தின் சிக்னல் எப்படி என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.